உடம்பும் ஒரு பாடம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்குப் படைப்புகள் தரலாம் என்று மாணவர் பேரவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும், பாதிப் பேர் காதல் கவிதையும் மீதிப் பேர் தன்னம்பிக்கைக் கட்டுரையும் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷமாகச் சிலம்பமும் குத்துவரிசையும் கற்று வருகிறேன். "கம்பத்துக்காரன் கம்பு சுத்துறான்டா" என்று நம் வகுப்பில் கேலி செய்யாத ஆளே கிடையாது. கேலி செய்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா கம்பத்தில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றும் லோடுமேன். அம்மா விடிவதற்கு முன்பே ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கி வருகிறவர். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த அன்று அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். அதே அப்பா, நான் சிலம்பக்கூடத்தில் சேர்ந்தேன் என்றதும் கேட்டது இது:

"எதுக்குய்யா இது? உடம்ப வச்சுப் பொழைக்கிறது எங்களோட போகட்டும்னுதான உன்னயப் படிக்க அனுப்புனேன்? நீ திரும்பவும் உடம்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே!"

நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. நம்மில் பலருடைய வீட்டிலும் இந்தக் கேள்வி வேறு வேறு வார்த்தையில் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரையை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூடம் என்பது தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு காலி இடம். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. ஆடி மாசம் வந்தால் மேற்கே இருந்து அடிக்கிற காற்றில் கம்பு ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம். காலை ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால் வரை பயிற்சி. ஏழு மணிக்குத் தேனி பஸ். கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதனால் என் கம்பை நீங்கள் சுற்ற முடியாது, உங்கள் கம்பை நான் சுற்ற முடியாது.

சேர்ந்தவுடன் கம்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள், எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் ரிக்‌ஷா மேல் உட்கார்ந்துகொண்டே சுற்றியது மாதிரி சுற்றலாம் என்றுதான் நினைத்துப் போனேன். 1984 தேர்தலில் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே நம் ஆண்டிபட்டித் தொகுதியில் ஜெயித்த மனிதரல்லவா? எங்கள் தாத்தாவுக்குச் சிலம்பம் என்றாலே அவர்தான். ஆனால் வாத்தியார் மூன்று மாசம் வெறும் காலடிதான் போடச் சொன்னார். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, திரும்பி மறுபடி முன்னே. மண்ணில் கட்டம் போட்டு அதற்குள் கால் விழ வேண்டும். "கை எல்லாருக்கும் ஆடும்யா. கால் ஆடுதான்னு பாரு" என்பார்.

அதன் பிறகுதான் குத்துவரிசை. கம்பு இல்லாமல் வெறுங்கையால் செய்வது. அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. குத்து அல்ல, குத்து 'வரிசை'. இடது கை எதிராளியின் குத்தைத் தட்டிவிடுகிறது. அதே மூச்சில் வலது கை நெஞ்சுக்குப் போகிறது. போன கை சும்மா திரும்பாமல் முழங்கையாக மடங்குகிறது. முழங்கை போன வேகத்தில் இடுப்பு திரும்பிவிடுவதால் பின்னங்கால் தானாக முன்னே வந்து நிற்கிறது. அங்கிருந்து அடுத்த குத்து. ஒன்று முடிகிற இடத்தில்தான் அடுத்தது தொடங்குகிறது. நடுவில் ஓர் இடத்தில் நின்று யோசித்தால் வரிசை அறுந்துபோகும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நாலு அடியையும் முழுப் பலத்தோடு அடிக்கப் பார்ப்பார்கள். இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்கும். நாலாவது அடி வருவதற்குள் தோள் இறுகிக் கல்லாகிவிடும். வாத்தியார் ஏன் "மூணை விடு, ஒண்ணை அடி" என்கிறார் என்பது எனக்குக் கூடத்தில் விளங்கவில்லை. நம் தெர்மல் வகுப்பில்தான் விளங்கியது.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். சக்ஷன், கம்ப்ரஷன், பவர், எக்ஸாஸ்ட். இந்த நாலில் ஆற்றல் தருவது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்கு வழி செய்கிறவை. அந்த மூன்றையும் நிற்காமல் தாண்டிக் கொண்டுபோவது ஃப்ளைவீல். குத்துவரிசையும் அப்படித்தான். முதல் அடி தூரத்தை அளக்கிறது. இரண்டாவது எதிராளியின் கையை இடம் மாற்றுகிறது. மூன்றாவதில்தான் பவர். நாலாவது, நம்மைப் பத்திரமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இதில் ஃப்ளைவீல் எது என்றால், இடுப்பு! அது ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் கைகள் அதன்பின் தானாக வரும்.

குத்துச்சண்டைக்காரர்களும் இதையே வேறு பெயரில் செய்கிறார்கள். ஜாப், கிராஸ், ஹூக் என்று அவர்கள் சொல்லும் வரிசையில் முதல் ஜாப் பெரும்பாலும் வலிக்க வைப்பதற்காக அல்ல, எதிராளியின் கவனத்தை மேலே இழுப்பதற்காக. அதன் பின்னால் வருகிற கிராஸில்தான் உடம்பின் எடை ஏறுகிறது. உலகத்தின் எந்த மூலையில் மனிதன் கையால் சண்டை போட்டாலும் இரண்டு கை, ஓர் இடுப்புதானே!

வரிசையைக் கற்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எண்ணி அடிக்க வேண்டும். ஒன்று என்றால் ஒன்று மட்டும். கை எங்கே, கால் எங்கே, பார்வை எங்கே என்று நின்று பார்த்துவிட்டுத்தான் இரண்டு. அடுத்து, எண்ணிக்கையை மூச்சுக்கு மாற்ற வேண்டும். அடி போகும்போது மூச்சு வெளியே, கை திரும்பும்போது உள்ளே. பிறகுதான் எதிரே ஆள் நிற்பார். கடைசியாக, நாலு திசையிலும் அதே வரிசை. "மெதுவா வராதது வெரசாவும் வராதுய்யா" என்று வாத்தியார் சொல்வதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பேன்.

வேகம் என்றதும் எங்கள் கூடத்தில் ஒன்பதாவது படிக்கும் ஒரு தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடையில் என்னில் பாதிதான் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை கம்பைக் கீழிருந்து வாரி வீசினால் கூடத்தில் பெரிய ஆட்களே ஒதுங்குவார்கள். காரணம் நாம் படித்ததுதான். அரை எம் வி ஸ்கொயர்! எடை இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. கம்பைப் பிடித்திருக்கும் கையைவிடக் கம்பின் நுனி பல மடங்கு வேகமாக ஓடுகிறது. அதனால்தான் பெரிய உடம்பு இல்லாதவரும் சிலம்பத்தில் ஜெயிக்க முடிகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் முதல் முறையாகச் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தபோது, எங்கள் கூடத்தில் அதிகம் குதித்தது அந்தத் தங்கச்சிதான்.

அப்படியானால் பலம் வேண்டாமா? வேண்டும். வேகத்தைப் பிறப்பிக்கவும் பலம் வேண்டும், வேகமாகப் போகிற கையை நிறுத்தவும் பலம் வேண்டும். அதற்குத்தான் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. மிஷின் ஒன்றும் தேவையில்லை. தண்டாலில் நெஞ்சும் தோளும் முதுகும் ஒன்றாக வேலை செய்கின்றன. பஸ்கியில் தொடையும் இடுப்பும். இவை இரண்டும் நேராக மேலே கீழே போகிறவை. கர்லாக்கட்டையோ வட்டம். தோளைச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் இறங்கி, மறுபடி முன்னே வருகிறது. அடியும் வீச்சும் வட்டத்தில் பிறப்பதால் அதற்கு ஏற்ற பயிற்சி இதுதான்.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாலு கிலோ கட்டையை நீட்டிப் பிடிக்கிறீர்கள். அதன் எடை மையம் பிடியிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தால் மணிக்கட்டில் விழும் திருப்புவிசை சுமார் 20 நியூட்டன் மீட்டர். பிடியை மேலே தள்ளி மையத்தைக் கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் அதே கட்டை, பாதிப் பாரம். ஆகவே கனமான கட்டை வாங்கக் காசில்லை என்று கவலைப்பட வேண்டாம். பிடியை மாற்றினாலே போதும்.

இந்தக் கட்டை கடல் தாண்டிய கதை தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இருந்த ஆங்கிலேயப் பட்டாளத்தார் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு 'இந்தியன் கிளப்' என்று பெயர். 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே இருந்தது. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கப் பதக்கம் வாங்கியவர் ஜார்ஜ் ரோத் என்ற அமெரிக்கர். அது பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். அவருக்கு வேலை இல்லை. பதக்கத்தை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வந்து, போகிற வண்டியை நிறுத்தி ஏறித்தான் வீட்டுக்குப் போனாராம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. உழைக்கிற உடம்பில் பலம் இருக்கலாம். பஸ்ஸுக்குக் காசு இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு நாள் ராத்திரி சும்மா உட்கார்ந்து அப்பாவின் வேலையைக் கணக்குப் போட்டேன். ஒரு தார் 25 கிலோ. லாரித் தட்டு ஒன்றரை மீட்டர் உயரம். ஒரு நாளைக்கு 200 தார். வேலை என்பது எடை, புவியீர்ப்பு, உயரம் இவற்றின் பெருக்கல் என்றுதானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம்? பெருக்கினால் 73,575 ஜூல் வருகிறது. கிலோகலோரியில் சுமார் 17 அரை. ஒரு வாழைப்பழத்தில் இருப்பதே 90 கிலோகலோரி பக்கம். அதாவது நம் சூத்திரப்படி, எங்கள் அப்பா நாள் முழுக்கத் தார் ஏற்றுவது ஒரு பழத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமம்!

கணக்கு சரிதான். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஆனால் அந்தக் கணக்கில் தாரோடு சேர்ந்து குனிந்து எழுகிற அப்பாவின் சொந்த உடம்பு இல்லை. தோளில் வைத்துக்கொண்டு நடந்த தூரம் இல்லை. லாரிக்காரர் தட்டைத் திறக்கும் வரை பாரத்தோடு நின்றது இல்லை. பாரத்தை அசையாமல் பிடித்து நின்றால் சூத்திரத்தில் வேலை பூஜ்யம். உடம்பிலோ ஒவ்வொரு நொடியும் செலவு.

கணக்கில் இல்லாதது இன்னொன்றும் உண்டு. அப்பாவால் இப்போது வலது கையைத் தலைக்கு மேலே முழுசாக உயர்த்த முடியாது. சட்டை போடுவதற்கே அம்மா உதவ வேண்டியிருக்கிறது. உலோகத்தில் இதற்கு ஃபெட்டீக் என்று பெயர் படித்தோம். ரயில் அச்சுகள் தாங்கக்கூடிய பாரத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தும் ஒரு நாள் திடீரென்று ஏன் முறிகின்றன என்று ஜெர்மனியில் வோலர் ஆராய்ந்தது 150 வருஷத்துக்கு முன்பு. ஒரு தடவை விழுகிற பெரிய பாரம் அல்ல, திரும்பத் திரும்ப விழுகிற சின்னப் பாரம்தான் காரணம்.

ஆனால் நம் உடம்பு இரும்பு அல்ல. பாரம் கொடுத்துவிட்டு ஓய்வும் சோறும் கொடுத்தால் முன்னைவிடப் பலமாகத் திரும்பி வருகிறது. இரும்பால் அது முடியாது. பயிற்சிக்கும் கூலி வேலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு எத்தனை தண்டால் என்று முடிவு செய்வது நானும் வாத்தியாரும். அப்பாவுக்கு எத்தனை தார் என்று முடிவு செய்வது லாரி. எனக்குத் தோள் வலித்தால் நாளைக்கு ஓய்வு. அப்பா ஓய்வெடுத்தால் நாளைக்குக் கூலி இல்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பி வைத்திருந்தேன், தூக்கிப் பழகலாம் என்று. திண்ணையில் இருந்தவர் எழுந்து வந்தார்.

"தள்ளுய்யா. பாத்துக்க. முதுகு வளையக் கூடாது. குத்தவச்சு உக்காரு. சாக்க நெஞ்சோட அணைச்சுக்க. மூச்ச இழு. இப்பத் தரையக் காலால அமுக்கு. சாக்கத் தூக்காத, தரைய அமுக்கு!"

சாக்கு எழுந்தது. அந்தத் தோளை வைத்துக்கொண்டு! நான் அசந்து நின்றேன். ஏனென்றால் வாத்தியாரும் இதையேதான் சொல்வார். குத்து தோளிலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து வருகிறது. பின்னங்கால் தரையைத் தள்ள, தரை நம்மைத் தள்ள, அது முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறிக் கைக்கு வருகிறது. நியூட்டனின் மூன்றாவது விதி என்று நாம் எழுதுவதை அப்பா முப்பது வருஷமாகச் செய்து வருகிறார். எங்கள் வீட்டில் முதலில் பாலிடெக்னிக் வந்தவன் நான்தான். முதலில் கற்றவன் என்று மட்டும் இனிமேல் சொல்ல மாட்டேன்.

பழைய காலத்தில் ஊருக்கு ஊர் இளவட்டக்கல் கிடந்தது. வாலிபர்கள் அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டால்தான் பெண் கொடுப்பார்களாம். அதைத் தூக்கியவர்கள் எல்லாம் காடு கழனியில் வேலை செய்தவர்கள்தான். உழைப்பிலிருந்துதான் இந்தக் கலையே வந்திருக்கிறது. அதை நாம் கற்றால் அப்பா அம்மாவின் வாழ்க்கைக்குத் திரும்பிப் போவதாக அர்த்தமில்லை. அவர்கள் உடம்பில் இருந்த அறிவை ஓய்வோடும் கணக்கோடும் நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்பா இன்னும் "சரி" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் போன மாசம் மரக்கடையிலிருந்து ஒரு புளியங்கட்டையைச் சுமந்து வந்து, ஆசாரியிடம் கொடுத்துக் கர்லாக்கட்டை கடைந்து வந்து வைத்திருக்கிறார். பிடி என் கைக்குச் சரியாக இருக்கிறது.

கற்க நினைக்கும் நண்பர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் உடம்பைச் சூடு பண்ணுங்கள். பத்து நிமிஷமாவது ஓட்டமும் மூட்டுச் சுழற்சியும் வேண்டும். புரூஸ் லீ எவ்வளவு பெரிய வீரர்! 1970-ல் எடைப் பயிற்சியில் முதுகில் அடிபட்டுப் பல மாதம் படுக்கையில் கிடந்தார். நாமெல்லாம் எம்மாத்திரம்? முதல் மாசம் பத்துப் பத்தாக மூன்று முறை தண்டால், இருபது இருபதாக மூன்று முறை பஸ்கி போதும். வாரத்துக்கு மூன்று நாள் பலம், மற்ற நாளில் காலடியும் வரிசையும், ஒரு நாள் முழு ஓய்வு. எண்ணிக்கையை வாரம் இரண்டு மூன்றாகத்தான் கூட்ட வேண்டும். பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அதில் முட்டைக்கும் வேர்க்கடலைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். வீட்டில் கேப்பைக் களி இருந்தால் அதைவிட என்ன வேண்டும்?

கடைசியாக, முக்கியமானது. நாலு வரிசை வந்தவுடன் யார் மீதாவது போட்டுப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். எங்கள் கூடத்தில் சேருகிற அன்றே வாத்தியார் ஒரு விஷயம் சொல்லிவிடுவார்: "வெளிய நீ ஒரு அடி அடிச்சா, ஸ்டேஷன் வாசல்ல கைகட்டி நிக்கிறது உங்கப்பன்." நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஒரு கேஸ் விழுந்தால் மூன்று வருஷப் படிப்பும் வேலைக்கான சரிபார்ப்பில் போய் நிற்கும். பஸ்ஸில் இடித்துவிட்டான், முறைத்துவிட்டான் என்று தகராறு வரும்போது, நாம் மூன்று மாசம் கற்ற காலடி எதற்கு? பக்கவாட்டில் ஒன்று, பின்னே ஒன்று. அவ்வளவுதான், ஒதுங்கி வந்துவிடலாம்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் மைதானம் காலையில் சும்மாதான் கிடக்கிறது. வகுப்பு தொடங்குமுன் அரை மணி நேரம் அதைப் பயிற்சிக்கு வாங்கிக் கொடுங்கள். மாணவிகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். செலவு ஒன்றும் இல்லை. ஆளுக்கு நெற்றி உயரத்தில் ஒரு மூங்கில் கம்பு, அவ்வளவுதான். காலடியும் முதல் வரிசையும் எனக்குத் தெரிந்த வரை நான் சொல்லித் தருகிறேன். அதற்கு மேல் கற்க எங்கள் வாத்தியாரை அழைத்து வருகிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். செமஸ்டர் தேர்வு முடிந்த முதல் திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் பின்பக்கம் நிற்பேன். வருகிறவர்கள் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.